பிடித்த பணம் வீடாக வேண்டும்

ஒப்பந்ததாரரிடம் தூய்மைப் பணி செய்கிறவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் உழைக்கிறவர்கள், திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு வேனில் போய்வரும் நம் பெண்கள் என நம்மில் பலருடைய சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளியின் பங்கு. அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஆனால், இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் நம் குடியிருப்புகளில் பலருக்குப் பதில் தெரியாது.

இது முதுமைக்கு மட்டுமான பணம் அல்ல. வீட்டுமனை வாங்கவும், வீடு கட்டவும், வீட்டுக் கடனை அடைக்கவும் இதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். அது கடன் அல்ல. வட்டி இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. இது தெரியாமல்தான் பலர் கூரையை மாற்ற வாரவட்டிக்கும் குழுக்கடனுக்கும் போகிறோம்.

தெரிந்து கேட்பவர்களுக்கும் தடைகள் உண்டு. முதல் தடை ஒப்பந்ததாரர். ஒருவருக்கு ஆயுள் முழுவதும் ஒரே யு.ஏ.என். எண்தான் இருக்க வேண்டும். டெண்டர் மாறும்போது புது ஆள் புது எண் வாங்குகிறார். பழைய ஆள், வேலை முடிந்த தேதியைக்கூடப் பதியாமல் போய்விடுகிறார். பணம் முடங்குகிறது. பிடித்த பணத்தைக் கட்டாமலே விடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி அது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால், வேலை கொடுத்த நகராட்சியோ ஆலையோதான் பொறுப்பு.

இரண்டாவது தடை பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பி.எப். கணக்கில் வேறு எழுத்து என்றால் விண்ணப்பம் திரும்பி வரும்.

மூன்றாவது தடைதான் பெரிது. மனை, உறுப்பினர் பெயரிலோ கணவன் அல்லது மனைவி பெயரிலோ இருக்க வேண்டும். நமக்கோ பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அரசு கொடுத்த இலவசப் பட்டா கையில் இருந்தாலும், பல ஊர்களில் மனையை அளந்து காட்டவில்லை. ஒரே ஆலையில் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், ஊர்த்தெருக்காரர் தன் மனையில் வீடு கட்டிக்கொள்கிறார். சேரிக்காரர் பணம் இருந்தும் கட்ட முடிவதில்லை. பி.எப். விதியில் சாதி எழுதப்படவில்லை. ஆனால் நிலம் இல்லாததால் சாதி அங்கேயும் வந்து நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பி.எப். கட்டிய ரசீதைச் சரிபார்த்த பிறகே நகராட்சிகள் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் பட்டா மனைகளை அளந்து கல் நட்டு ஒப்படைக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பட்டாவுக்கு நம் குடியிருப்புகளிலேயே முகாம் நடத்த வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. அம்மா, அப்பாவின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைச் செயல்படுத்தி, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணையுங்கள். பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் பி.எப். அலுவலகம் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாம் நடத்துகிறது. சம்பளச் சீட்டோடு பெற்றோரை அங்கே அழைத்துப் போங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தரகருக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள். வேலை மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 10 ஆண்டு பணி சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

இது யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல, நம் கூலியில் பிடித்த பணம். கணக்கைக் கேட்டு வாங்குவோம். கூடவே மனையையும் கேட்போம்.