மண்ணுக்கும் ஒரு தாளம் உண்டு!

இந்த வாரம் ஒரு குட்டி க்விஸ். ஒரே ஊர்ல 3 மாடி, 10 மாடி, 44 மாடினு மூணு கட்டடம் நிக்குது. பூகம்பம் வந்தா முதல்ல எது காலி? ‘44 மாடிதான்’னு கத்தினவங்க எல்லாம் கொஞ்சம் உட்காருங்க.

1985 செப்டம்பர் 19. மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் 8 புள்ளி அளவுக்குப் பூகம்பம். அங்கிருந்து மெக்சிகோ சிட்டி 350 கி.மீ.க்கும் மேல தூரம். ஆனாலும், அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானவங்க பலியானாங்க. அதிகமா அடி வாங்கினது 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள். 1956-ல் கட்டி முடிச்ச 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா டவர் கம்பீரமா நின்னுச்சு. குட்டையான பழைய கட்டடங்களும் நிறையவே தப்பிச்சுது.

எப்படி? அந்த ஊரின் பெரும்பகுதி, வத்திப்போன ஏரி மேல இருக்கு. அடியில கொழகொழ களிமண். வந்த அதிர்வில், சுமார் 2 விநாடிக்கு ஒரு தரம் ஆடுற ஆட்டத்தை அந்த மண் பிடிச்சு, பல மடங்கு பெருசாக்கிடுச்சு.

ஊஞ்சலை நினைச்சுக்கோங்க. சரியான நேரத்துல தள்ளினா, ஒரு பொடியன்கூட குண்டு மாமாவை ஆட்டிடுவான். கட்டடத்துக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கு. தோராயக் கணக்கு: மாடிகளை 10-ஆல் வகுங்க, அத்தனை விநாடி. 10 மாடின்னா 1 விநாடி. விரிசல் விட விட கட்டடம் தளர்ந்து, தாளம் 2 விநாடியை நெருங்கும். மண்ணோட தாளமும் அதேன்னா... முடிஞ்சது கதை! டவரோட தாளம் ரொம்ப மெதுவு. அதான் தப்பிச்சுது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2001 ஜனவரி 26, பூஜ் பூகம்பம். 200 கி.மீ.க்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிஞ்சு விழுந்தன. ஆத்து வண்டல் மண் ஒரு காரணம். இன்னொண்ணு, கார் நிறுத்துறதுக்காக தரைத்தளத்தில் சுவரே இல்லாம விட்ட வெறும் தூண்கள். மேல சுவரோட விறைப்பா தளங்கள். ஆட்டம் மொத்தமும் கீழே நிக்கிற ஒல்லித் தூண்கள் தலையில!

வீட்டுல ஃப்ளாட் வாங்கப் போறாங்களா? டைல்ஸ் கலரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. ‘மண் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே? பார்க்கிங் தூண்களுக்கு பூகம்பக் கணக்கு போட்டிருக்கீங்களா?’ பில்டர் முறைச்சா முறைக்கட்டும்.

சிவில் படிக்கிற மக்களே, நாளைக்கு அந்தக் கணக்குக்குக் கீழே கையெழுத்து போடப்போறது நீங்கதான். ஞாபகம் இருக்கட்டும்!