யுத்தத்தைக் கண்டவர்களைக் கேட்டீர்களா?

யுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் நம் நாட்டில் அநேகர். மேடையில் முழங்குவோர் உண்டு. மகாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவோர் உண்டு. நம் போன்று பத்திரிகையில் எழுதுவோரும் உண்டு. ஆயினும் யுத்தத்தின் நடுவே அகப்பட்டுத் தவித்த ஜனங்களை அணுகி, “நீங்கள் கண்டது யாது? கருதுவது யாது?” என்று பொறுமையோடு கேட்டவர் எத்தனை பேர்? கேட்கப்பட வேண்டியவர்கள் கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியிலும், ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையருகிலும், நமது கிருஷ்ணகிரி ஜில்லாவின் முகாம்களிலேயே ஈழத்துச் சகோதரர்கள் வசிக்கின்றனர். சிப்காட் ஆலைகளுக்கு நாள்தோறும் பஸ் ஏறிச் செல்லும் நம்மவருள் அவர்களுடைய வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டவர் சிலரே.

நம் ஜில்லாவுக்கு யுத்தம் புதிதன்று. 1767 முதல் 1799 வரை மைசூர் அரசருக்கும் கும்பினியாருக்கும் நிகழ்ந்த யுத்தங்களில் இந்நிலம் சேனைகளின் வழியாயிருந்தது. 1791 ஜூலையில் ஓசூர்க் கோட்டை கும்பினியார் வசமாயிற்று; அவ்வருஷம் நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கிய அவர்களுடைய படை தோற்றுத் திரும்பிற்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாராமஹால் கைமாறியது. ஓசூர்ச் சீமை 1799இல் திப்பு சுல்தான் மாண்ட பின்னரே கும்பினியாரைச் சேர்ந்தது. பாராமஹால் கைக்கு வந்ததும் காப்டன் ரீட் என்பவரும், பிற்காலத்தில் சென்னைக் கவர்னராய் விளங்கிய மன்றோவும் கிராமங்கள் தோறும் விசாரணை நடத்தினர். நிலத்தின் தரம் என்ன, விளைவு எவ்வளவு, வரி எவ்வளவு தாங்கும் என்பனவே அவர்கள் அறிய விரும்பியவை. ரயத்துவாரி முறை அவ்விசாரணையின் பயன். குடிகளின் துன்பத்தை அறிவது அதன் நோக்கமன்று. ஆதலின் கோட்டை வீழ்ந்த மாதத்தை நாம் அறிவோம். அன்றிரவு பேட்டையிலிருந்த தாய் தன் மக்களை எங்கே ஒளித்தாள் என்பதை அறியோம். கேட்பவன் எதை வேண்டிக் கேட்கிறானோ அதுவே சரித்திரமாக மிஞ்சுகிறது.

இக்குறையை உணர்ந்தே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தார், ஜெனீவா ஒப்பந்தங்களின் ஐம்பதாவது வருஷமாகிய 1999இல், யுத்தத்தால் சிதைந்த 12 தேசங்களில் 12,000க்கு மேற்பட்ட ஜனங்களை விசாரித்தனர். 2016இல் மீண்டும் 16 தேசங்களில் 17,000 பேரைக் கேட்டனர். ஜனங்கள் நெருங்கி வாழும் ஊரில், அவர்கள் பலர் மடிவர் என்று தெரிந்தே பகைவரைத் தாக்குவது தவறா என்ற கேள்விக்கு, யுத்தம் நடந்த தேசத்தார் நூற்றுக்கு 78 பேர் ‘தவறு’ என்றனர். பாதுகாப்புச் சபையில் நிரந்தர ஸ்தானம் பெற்ற ஐந்து வல்லரசுகளிலும் சுவிட்சர்லாந்திலும் அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு 50 பேரே! குண்டின் சப்தத்தைக் கேட்டவனுக்கும், அதைச் செய்தியாகப் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. அவ்விரு விசாரணைகளிலும் இந்தியாவும் இடம்பெறவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் யுத்தம் நடந்த இலங்கையும் இடம்பெறவில்லை.

இலங்கையில் இப்பணியைச் செய்தவர்கள் பெரும் விலை கொடுத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியையாயிருந்த ராஜினி திராணகம, ஸ்திரீகளிடம் சென்று அவர்கள் அனுபவித்ததை எழுதிக் கொண்டார். 1989 செப்டம்பர் 21ஆந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் மற்றும் மூவரும் எழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் வெளிவந்தது. சிங்கள ராஜாங்கத்தையோ, இந்திய சேனையையோ, தமிழ் இயக்கங்களையோ அந்நூல் விட்டுவைக்கவில்லை. பின்னர் 2016இல் இலங்கை சர்க்கார் நியமித்த ஆலோசனைக் குழு நாடெங்குமிருந்து 7,306 முறையீடுகளைப் பெற்று, 2017 ஜனவரியில் அறிக்கை சமர்ப்பித்தது. அங்கே குறைகளுடனாயினும் அத்தனை பேர் வாய்திறந்தனர்.

இங்கே நிலைமை என்ன? 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் சர்க்கார் கூறிய கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். தலைகளை எண்ணிப் பதிவு செய்கிறோம். உதவித்தொகைக்குக் கையெழுத்து வாங்குகிறோம். அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்டோமில்லை. 1983இல் இருபது வயதில் படகேறியவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் ஒரு சாட்சியம் மறைகிறது.

“ஆறிய புண்ணை ஏன் கீறவேண்டும்?” என்பர் சிலர். ஆறிற்று என்று சொல்லவேண்டியவர் புண்பட்டவரேயன்றி நாமல்லோம். பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. பேசத் துடிப்பவரைக் காத்திருக்க வைப்பதும் தர்மமன்று. வேறு சிலருடைய அச்சம் வேறு விதமானது. அதை வெளிப்படையாகவே சொல்வோம். சாட்சிகள் கூறுவது நமக்குப் பிடிக்காமற் போகலாம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் நம் தேசத்துச் சேனையினால் மாண்டதை ஒருவர் கூறலாம். 1990இல் வடமாகாணத்திலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை மற்றொருவர் நினைவுறுத்தலாம். தன் பிள்ளையைப் படைக்குப் பிடித்துச் சென்றதை ஒரு தாய் சொல்லி அழலாம். 2009 முள்ளிவாய்க்காலில் ராணுவத்தின் குண்டுகள் செய்ததை நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். நமக்கு உவப்பானதை மட்டும் கேட்போமாயின், அவர்களுடைய துன்பத்தை நம் வாதத்துக்குக் கருவியாக்கினவர்களாவோம்.

விசாரணைக்கு முறை உண்டு. நமது சாட்சியச் சட்டம், தன் சாட்சியை விசாரிக்கும் வக்கீல் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதை எளிதில் அனுமதிப்பதில்லை. கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் அது வேறுபடுத்துகிறது. இவ்விரு விதிகளும் இங்கே வழிகாட்டும். மற்றொன்று இவற்றினும் முக்கியம். இவர்கள் சட்டத்தின் கண்ணில் இன்னும் அந்நியர். 2019ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2015 ஜனவரி 9ஆந் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்டோருக்கு 2025இல் மத்திய சர்க்கார் தண்டனை விதிகளிலிருந்து விலக்களித்தனர், பிரஜாவுரிமை அளித்தாரில்லை. இந்நிலையிலுள்ளவன் அதிகாரியின் முன் வாய்திறப்பானோ? ஆகவே விசாரணையில் போலீசாரோ ரெவினியூ உத்தியோகஸ்தரோ உடனிருத்தல் கூடாது. பெயர் வெளிப்படலாகாது. ஸ்திரீகளிடம் ஸ்திரீகளே பேச வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெறும் உரிமை சொன்னவருக்கு இருக்க வேண்டும். “இதனால் வீடு கிடைக்கும், பிரஜாவுரிமை கிடைக்கும்” என்று பொய் நம்பிக்கை ஊட்டுதல் பாவம்.

கேட்க வேண்டியது மாண்டோர் கணக்கு மாத்திரமன்று. திரும்பிப் போக விருப்பமா, இங்கேயே பிரஜையாக விருப்பமா? தம் பெயரால் ஆயுதமெடுத்தவர்களைப் பற்றியும், தம் பெயரால் இங்கே மேடையேறுவோரைப் பற்றியும் என்ன எண்ணுகிறார்கள்? இறுதிக் கேள்விக்கு வரும் விடை நம்மிற் பலரைச் சுடக்கூடும். சுடட்டும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கலாசாலைகள் பல உள. அவற்றின் சரித்திர ஆசிரியர்களும், முகாம்களிலேயே பிறந்து பட்டம் பெற்ற இளைஞர்களும் ஒன்று சேர்ந்தால் இப்பணியைத் தொடங்கிவிடலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் அதற்கு ஆதரவளிக்க வேண்டும். சேகரித்தவற்றைப் பேசியவர்களின் சம்மதப்படி காக்கும் பொறுப்பைச் சென்னை ஆவணக் காப்பகம் ஏற்கலாம்.

அரசியல் ஊழியர்களாகிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஈழத் தமிழரைப் பற்றி அடுத்த தீர்மானத்தை எழுதுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளிக்குச் செல்லுங்கள். கொடி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். அவர்கள் இடமளித்தால் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். திரும்பி வந்தபின் அத்தீர்மானத்தை எழுதுங்கள். அதில் எத்தனை வாக்கியங்கள் நிற்கின்றன என்று பார்ப்போம்.