கூடம் மட்டும் போதாது, பதிவும் நமதாக வேண்டும்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மூடிக்கிடந்த கேபிடல் தியேட்டர் என்ற சினிமா கொட்டகையை 1960-ல் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவரது அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். சரிவான தரையைச் சமன்செய்யக் காசில்லை, அப்படியே விட்டார்கள். அந்தச் சரிவே ஸ்டாக்ஸ் இசைக்குத் தனி முழக்கம் தந்தது. பாப்கார்ன் விற்ற இடம் இசைத்தட்டுக் கடையானது. நிறப்பாகுபாடு ஆண்ட ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒன்றாக வாசித்தார்கள்.

நல்லிணக்கக் கதையாக இதை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். நான் முடிக்கமாட்டேன். 1968-ல் அட்லாண்டிக் நிறுவனத்துடனான உறவு முறிந்தபோது, அது விநியோகித்த பதிவுகளின் மூலநாடாக்கள் ஒப்பந்தப்படி அதற்கே சொந்தம் என்று தெரியவந்தது. ஓடிஸ் ரெட்டிங்கின் குரலும் அதில் அடக்கம். 1989-ல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

நம் ஊர்களிலும் மூடிய கொட்டகைகள் உண்டு, சேரிகளில் பூட்டிக்கிடக்கும் சமுதாயக் கூடங்கள் உண்டு. பறைக்கும் கானாவுக்கும் அவற்றைக் கேட்டு வாங்குவோம். ஆனால் கூடம் திறக்கும் முன் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வைப்போம். வாசித்தவர், பாடியவர் அத்தனை பேரின் பெயரும் பங்கும் அதில் இருக்கட்டும்.

பறையடிக்க அழைத்த ஆதிக்கச் சாதியினர்தான் எங்கே, எப்போது, எவ்வளவு கூலி என்று தீர்மானித்தார்கள். பெயரில்லாமல் வாசித்துவிட்டு ஒருநாள் சம்பளத்தோடு வெளியேறினால், குளிரூட்டிய அறையிலும் அது அதே கூலிதான்.