பிரண்ட கால் மறுபடி பிரளாதிருக்க

மழைக்கு வழுக்கும் மலையில் கொழுந்துச் சுமையோடு இறங்கும்போது கணுக்கால் பிரள்வது நமக்குப் புதிதல்ல. எண்ணெய் தடவி, துணி சுற்றி, இரண்டு நாளில் பிரட்டுக்குப் போய்விடுகிறோம். சில மாதங்களில் அதே கால் மறுபடி பிரள்கிறது. “ராசி கெட்ட கால்” என்கிறோம்.

ராசி காரணமல்ல. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபட்டோ கிழிந்தோ போகும்போது, பாதம் எப்பக்கம் சாய்கிறது என்று உணரும் திறனும் மங்குகிறது. கால் சாயும் கணத்தில் தாங்கவேண்டிய தசை பிந்தி விழிக்கிறது. வீக்கம் வற்றினாலும் இந்தக் குறை தானாகத் தீராது.

பயிற்சி இதை மாற்றும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குதல், ஒற்றைக் காலில் நிற்றல், பின்னர் பிடியை விட்டு நிற்றல். இயன் மருத்துவர் காட்டியபடி சில வாரங்கள் விடாமல் செய்தால் நிலைத்து நிற்கும் ஆற்றலும் காலின் மீதுள்ள நம்பிக்கையும் கூடும். ஆனால், அடிபட்டதும் நான்கு அடிகூட வைக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

சகோதரிகளே, வேலையில் அடிபட்டால் அன்றே அறிவித்துப் பதியச் செய்யுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. பதிவில்லாத காயத்துக்காக வாதாடுவது கடினம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இரண்டு: பயிற்சிக்கு வைத்தியசாலை செல்லும் நாளில் பேர் வெட்டாதீர்கள், கால் தேறும்வரை சரிவில்லாத இடத்தில் வேலை கொடுங்கள். மலையைச் சுமக்கும் கால்களுக்கு இது சலுகையல்ல, உரிமை.