வெயில் ஊரில் வெயில் படாத கர்ப்பிணி

வருஷத்தில் பாதி நாள் வெயிலைத் திட்டியே வாழ்கிற சென்னையில், கர்ப்பிணிக்கு வைட்டமின் டி இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. என் தங்கைக்கும் வந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு அதற்கும் வெகு கீழே. "கொஞ்சம் வெயில்ல நின்னிருந்தா வந்திருக்குமா?" என்று வீடு மொத்தமும் அவளையே கேட்டது.

எங்கே நிற்பாள்? மொட்டைமாடிக் கதவு எப்போதும் பூட்டு. காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தால் இருட்டுகிற நேரத்தில்தான் வெளியே வருகிறாள். ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்கிறார்கள். வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. இதே பெரியவர்கள்தான் "வெயில்ல போகாதடி, பிள்ளை கருத்துடும்" என்று மாசக்கணக்கில் அவளைத் தடுத்தார்கள். தாய் வெயிலில் நின்றால் வயிற்றுப் பிள்ளையின் நிறம் மாறாது. இன்னும் எத்தனை தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருப்பது?

அடுத்து இளவெயில் உபதேசம். ஏழு மணி வெயிலில் நடப்பது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் நமக்கு வேண்டிய கதிர் அதில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தோல் இந்த வைட்டமினை நன்றாக உண்டாக்கும். மாநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரமும் வேண்டும். உடம்பை முழுக்க மூடும் உடையோ, அதிக எடையோ, அடுத்தடுத்த பிரசவமோ, வலிப்புக்கான சில மாத்திரைகளோ சேர்ந்தால் குறை இன்னும் கூடும். மீனும் முட்டையும் சேராத வீட்டில் சாப்பாட்டாலும் ஈடுகட்ட முடியாது.

இதற்காக மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கு 2014லேயே வழிமுறை வகுத்துவிட்டது. 14ஆம் வாரம் முதல் பிரசவமாகி ஆறு மாதம் வரை தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் வைட்டமின் டி. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இதை யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்? மாத்திரை அட்டை கைக்கு வருகிறது, விளக்கம் வருவதில்லை. மலச்சிக்கல் என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்! இன்னொரு பக்கம், பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டு 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை இஷ்டத்துக்கு வாங்கிக் குடிக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. கருவில் இருக்கும்வரை அதற்கு வைட்டமின் டி தாயிடமிருந்துதான் போக வேண்டும். அவளுக்குக் கடுமையான குறை இருந்தால், பிறந்த குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம்; பின்னால் எலும்பு வளையலாம். தாய்ப்பாலிலும் இந்தச் சத்து கொஞ்சம்தான். அதனால்தான் பச்சைக் குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் குழந்தை பிறந்து, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சொல்ல வேண்டுமா? பிரசவத் தேதியைக் குறித்துக் கொடுக்கும் அன்றே அவளிடம் சொன்னால் என்ன?