உலக உருண்டையை வரையாத வகுப்பு

இரண்டு உள்ளங்கைகள், அவற்றின் நடுவே நீலமும் பச்சையுமாக ஓர் உலக உருண்டை, மேலே அலகில் இலையேந்திய வெண்புறா, உருண்டையைச் சுற்றி வெவ்வேறு நிறமும் உடையும் கொண்ட சிறுவர்கள் கைகோத்து நிற்பர். ‘உலகம் ஒரே குடும்பம்’, ‘உலக அமைதி’, ‘நாம் அனைவரும் ஒன்று’ எனத் தலைப்பு எதுவாயினும், பள்ளி ஓவியப் போட்டிகளில் வந்து குவிவது பெரும்பாலும் இந்த ஒரே படம்தான். அது திருவனந்தபுரத்தில் வரையப்பட்டதா, திருநெல்வேலியில் வரையப்பட்டதா, டொராண்டோவில் வரையப்பட்டதா என்று படத்தைப் பார்த்து எவராலும் கூற இயலாது. உலகோடு தமக்குள்ள தொடர்பை மாணவர் உணர வேண்டும் என்று நடத்தப்படும் போட்டி, அம்மாணவர் எங்கே நின்று உலகைப் பார்க்கிறார் என்ற தடயத்தையே அழித்துவிடுகிறது.

இதில் மாணவர்மேல் குற்றமில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 4.7 என்னும் உட்பிரிவு உலகக் குடிமைக் கல்வியைப் பெயர் சொல்லியே கேட்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அதனைக் குறிப்பிடுகிறது. அரிமா சங்கங்கள் 11 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர்க்கு அமைதிச் சுவரொட்டிப் போட்டியை 1988 முதல் நடத்தி வருகின்றன. ஆண்டுதோறும் சுற்றறிக்கை வருகிறது. ஆசிரியர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுகிறார். பரிசு எத்தகைய படத்துக்குக் கிடைக்கும் என்பதை மாணவர் முன்னரே அறிவர். பெரியோர் எதிர்பார்க்கும் ஒரு சொல்லுக்கு அவர்கள் படம் போட்டுத் தருகின்றனர், அவ்வளவே.

குழந்தை ஓவியத்தையும் உலக அமைதியையும் இணைத்த முன்னோடிகள் இத்தகைய படங்களைக் கருதியவர் அல்லர். சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944 முதல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை கற்பித்தார். 1962இல் லண்டன் சென்று போர் எதிர்ப்பாளர் பன்னாட்டமைப்பின் பொதுச்செயலாளராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். கிராமத்துச் சிறுவரின் வண்ணக் குப்பிகளிலிருந்து உலகப் போரெதிர்ப்பு இயக்கத்துக்கு அவர் சென்ற வழி தற்செயலானது அன்று. தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் செய்யப் பழகிய மனிதனை வன்முறைக்கு எளிதில் இழுத்துச் செல்ல முடியாது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. 1943இல் ஹெர்பர்ட் ரீட் முன்வைத்த கலைவழிக் கல்வியின் சாரமும் ஏறத்தாழ இதுவே. இவ்விருவரிடமும் அழுத்தம் பெறுவது பார்த்தல் என்னும் செயல்; தலைப்பு அன்று.

கேரளத்துக்கு இவ்வகையில் தனிச்சிறப்பான மரபு உண்டு. காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் தில்லியில் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி, அடுத்த ஆண்டே பன்னாட்டுப் போட்டியாக விரிந்தது. ஏழு வயது நிறையுமுன் 1983இல் மறைந்த கொச்சிச் சிறுவன் எட்மண்ட் தாமஸ் கிளிண்ட் விட்டுச்சென்ற படங்கள் ஏறத்தாழ 25,000. திருவிழாவும் தெய்யமும் ஊர்க்காட்சிகளுமாக, தன்னைச் சுற்றி இருந்தவற்றை அவன் வரைந்தான். அவன் நினைவாகக் கேரளச் சுற்றுலாத் துறை 2018இல் இணையவழிப் பன்னாட்டு ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. தலைப்பு: கேரளம். நல்லெண்ணம் நிறைந்த ஏற்பாடுதான். எனினும் கேரளத்தைக் கண்டிராத ஒரு வெளிநாட்டுச் சிறுமி இத்தலைப்புக்கு எதை வரைவாள்? சுற்றுலா விளம்பரத்தில் கண்ட படகுவீடு, கதகளி முகம், யானை, தென்னை. இங்குள்ள மாணவி உலகை உருண்டையாக வரைகிறாள். அங்குள்ள மாணவி கேரளத்தைப் படகுவீடாக வரைகிறாள். இருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. 

மாற்று வழிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் மாணவர்களை இறக்கிவிட்டால் போதும். மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடி முகமொன்றின் கன்னங்களில் முட்டும் மேத்தன் மணியை வரையச் சொன்னால் எல்லோரும் மகிழ்வர். ஆயினும் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் சாலைக் கடைவீதியின் மரச்சீனிக் குவியல் இந்நோக்கத்துக்கு அதைவிட உகந்தது.

மரச்சீனி என்பது மரவள்ளிக்கிழங்குக்குத் திருவனந்தபுரத்தாரும் கன்னியாகுமரித் தமிழரும் வழங்கும் பெயர். மத்தியத் திருவிதாங்கூரில் அது கப்ப. வடக்கே கொள்ளி, பூள. பிறந்த மண் தென் அமெரிக்கா. இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தோர் போர்த்துக்கீசியர். திருவிதாங்கூரில் அதனைப் பெருமளவில் பரப்பியவராக 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் நினைக்கப்படுகிறார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசியை இழந்த திருவிதாங்கூர் ஏழையரின் உயிரைத் தாங்கியது இக்கிழங்கே. இன்று மீன்குழம்போடு சேர்த்து ‘நம்ம சொந்த உணவு’ என்று பெருமையோடு பரிமாறப்படுவதும் அதுவே. ஒரு கிழங்கின் மண் ஒட்டிய தோலை, வெட்டிய முனையின் வெண்மையை, அதை நிறுக்கும் கையை மாணவர் அரைமணி நேரம் உற்றுப் பார்த்து வரைகின்றனர் என்று கொள்வோம். அதன்பின் ‘இது இங்கு எப்படி வந்தது?’ என்று ஆசிரியர் கேட்கிறார். பிரேசிலும் லிஸ்பனும் ரங்கூனும் அக்கேள்விக்குள் தாமாக வந்து சேர்கின்றன. உலக உருண்டையை ஆயிரம் முறை வரைந்தாலும் இந்தக் கேள்வி எழாது.

மழை நாளாயின் வகுப்பறையை விட்டு வெளியேறவும் தேவையில்லை. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, பேனா ஆகியவற்றை வரைந்து ஒவ்வொன்றின் அருகிலும் பெயரெழுதினால் போதும். இவையனைத்தும் போர்த்துக்கீசியம் தமிழுக்கு விட்டுச்சென்ற சொற்கள். மலையாளத்திலும் இவற்றுட் பல சிறு ஒலி மாற்றத்தோடு வழங்குகின்றன. மொழியியல் வகுப்பில் கடன்சொற் பட்டியலாகச் சோர்வு தரும் செய்தி, வரைந்த படத்தின் மேல் எழுதப்படும்போது வேறொன்றாகிவிடுகிறது. இவ்வகுப்பில் வங்காளமோ ஒடியாவோ பேசும் புலம்பெயர் தொழிலாளியின் மகள் இருந்தால், அவளும் தன் வீட்டுச் சொல்லைத் தன் எழுத்தில் எழுதட்டும். மலையாளம் இன்னும் முழுதாக வராத அச்சிறுமி பிறருக்குக் கற்பிக்கும் இடத்தில் நிற்பது அன்று ஒருவேளை முதன்முறையாக இருக்கும்.

மாணவக் கலைஞன் ஒருவனின் வரலாறே இக்கோட்டைக்குள் கிடக்கிறது. 1862இல், பதினான்கு வயதில், கிளிமானூரிலிருந்து ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு அழைத்துவரப்பட்டான் ரவிவர்மா. அரசவை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லித்தந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தாராம். தெலுங்குப் பெயர் கொண்ட ஆசிரியர், தமிழ்ப் பெயர் கொண்ட உதவியாளர், கடல் கடந்து வந்த விருந்தினர், கற்க விடாப்பிடியாக நின்ற மலையாளச் சிறுவன். 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பம் சேர்ந்தது. அதன்வழி இலக்குமியும் கலைமகளும் ஏழை வீட்டுச் சுவர்களுக்கும் வந்தனர். பூசை அறையிலுள்ள நாட்காட்டிப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடும் மாணவர் ஒரு கட்டத்தில் ஜெர்மனியைச் சென்றடைவர்.

இவையெல்லாம் ஊர்ப்பெருமையாகச் சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். ஐயம் நியாயமானதே. கோட்டை என்பது உள்ளே விடுவதற்கு மட்டுமன்று, வெளியே நிறுத்துவதற்கும் கட்டப்படுவது. இவ்வரசில் கோவில்களைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமை கீழ்ச்சாதியினர் எனப்பட்டோர்க்கு நெடுங்காலம் இல்லை. வெங்ஙானூர் அய்யன்காளி 1893இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதே கலகமாகக் கருதப்பட்டது. ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12இல். இந்து அல்லாதவர்க்குப் பத்மநாபசாமி கோவிலுக்குள் இன்றும் நுழைவில்லை. ஒரே வகுப்பில் பயிலும் மாணவரில் சிலர் வெளியே நின்று கோபுரத்தை மட்டுமே வரைய முடியும். கோட்டை வாயிலை வரைந்து முடித்த வகுப்பில் ‘இதன் வழியே யார் நடந்தனர், யார் நிறுத்தப்பட்டனர்?’ என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு உலகக் குடிமையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கைகோத்த சிறுவர் படம் ஆசிரியர்களுக்கு இவ்வளவு உவப்பாக இருப்பதற்கு ஒரு காரணம், அது இத்தகைய கேள்வி எதையும் கேட்காது என்பதே.

போர் நடந்த மண்ணிலும் இக்கேள்வியைத் தவிர்க்காத முயற்சிகள் உண்டு. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, ஒருவரையொருவர் அஞ்சிய தமிழ், முஸ்லிம் ஊர்களின் சிறுவர்களை ஒரே தோட்டத்தில் சேர்த்து வண்ணமும் களிமண்ணும் கதையும் கொடுத்தது. அங்கே ‘பிறர்’ என்போர் வேறு கண்டத்தவர் அல்லர், அடுத்த ஊரார்.

கோட்டையின் மேற்கே இன்னொரு காட்சி காத்திருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழியில் பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடக்கிறது. ஊர்வலப் பாதை பழையது. விமான நிலையம் 1932இல் வந்தது. ஊர்வலத்துக்காகச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளர்களும் அங்கிருந்து திரும்பும் தந்தையரும் அதற்கேற்பத் தம் பயண நேரத்தை அமைத்துக்கொள்கின்றனர். யானையும் வாளும் ஓடுதளமும் ஒன்றாக நிற்கும் இக்காட்சியை எந்தப் போட்டியும் தலைப்பாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்பா வரும் விமானம் காத்திருப்பதை அறிந்த சிறுவன் அதை ஒரு விதமாகவும், ஊர்வலத்தில் நடக்கும் குடும்பத்துச் சிறுமி வேறு விதமாகவும் வரைவர். இரு படங்களையும் அருகருகே ஒட்டி வகுப்பைப் பேச விடலாம்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. ஒரு பிற்பகல், மெழுகு வண்ணப் பெட்டிகள், வெளியே அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரின் இசைவு ஆகியவை போதும். மதிப்பெண் இடுவதில் மட்டும் ஒரு மாற்றம் தேவை: அழகுக்கும் தலைப்புப் பொருத்தத்துக்கும் மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிட்டு, படத்தின் பின்புறத்தில் மாணவர் எழுதும் இரண்டு மூன்று கேள்விகளைப் படித்துப் பார்க்கலாம். வேறு நாட்டுப் பள்ளியோடு படங்களைப் பரிமாறுவதாயின் அந்தக் கேள்விகளும் சேர்ந்தே செல்லட்டும். சாலைக் கடைவீதியின் மரச்சீனிப் படம் பிரேசில் பள்ளியொன்றுக்குச் சென்றால், அங்குள்ள பிள்ளைகள் அதை உடனே அடையாளம் கண்டு, தம் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று எழுதி அனுப்பக்கூடும்.