இன்ட்ரோவை ஓட்டி விடாதீங்கய்யா!

ராக் பாட்டுல பெஸ்ட் இன்ட்ரோ எதுன்னு பேச்சு வந்தா முக்காவாசிப் பேர் கிடாரிஸ்டோட விரல் வேகத்தை வச்சுத்தான் மார்க் போடறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. பாடறவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பாட்டு எதைப் பத்தினதுன்னு இன்ட்ரோ சொல்லிடணும். அவ்ளோதான் நம்ம கட்சி.

முதல்ல இந்த வேகம் மேட்டரை முடிச்சுடுவோம். டீப் பர்ப்பிளோட 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (1972). கிடார் வாங்கின முதல் வாரமே எல்லாரும் வாசிச்சுப் பாக்கற ரிஃப். மொத்தமே நாலு ஸ்வரம்தான் சாமி! கிடார் தனியா ஆரம்பிக்கும், அப்புறம் மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து சேருவாங்க. 50 வருஷம் தாண்டியும் அது அலுக்கலை.

ஸ்லாஷ் வாசிச்ச 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' (1987) இன்ட்ரோ அழகுதான், இல்லேங்கல. ஆனா அவர் விரல் பழக்கத்துக்கு விளையாட்டா வாசிச்சதுதான் அது. வேற பாட்டு முன்னாடி ஒட்டினாலும் ஒட்டிக்கும்.

ஏசி/டிசி-யோட 'ஹெல்ஸ் பெல்ஸ்' அப்படி இல்லை. 1980 பிப்ரவரியில அவங்க பாடகர் பான் ஸ்காட் இறந்துட்டார். அதே வருஷம் ஜூலையில 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வருது. அட்டை முழுக்கக் கருப்பு. ஆல்பத்துல காதுல விழற முதல் சத்தமே மணியோசை. மெதுவா, ஒண்ணு ஒண்ணா. புதுப் பாடகர் பிரையன் ஜான்சன் பாட ஆரம்பிக்கறதுக்குள்ள போனவருக்கு அஞ்சலி முடிஞ்சுடுது.

என் ஓட்டு யாருக்குன்னா, பிங்க் ஃப்ளாய்டோட 'விஷ் யூ வேர் ஹியர்' (1975).

இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டல்ல ரூம்மேட் இயர்போன்ல ஒரு பக்கத்தைக் குடுத்து இதைக் கேக்க வச்சான். ஏதோ கரகரன்னு ரேடியோ ஸ்டேஷன் மாத்தற சத்தம். அப்புறம் டப்பா ரேடியோவுல வர்ற மாதிரி சன்னமா ஒரு கிடார். "மச்சி, ஃபைல் கரப்ட் ஆயிருக்குடா"ன்னு ஓட்டி விடப் போனேன். கையிலயே ஒண்ணு போட்டான். "மூடிட்டு கேளுடா!"

கேட்டேன். கொஞ்ச நேரத்துல இன்னொரு கிடார் வருது. பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி பளிச்சுன்னு. யாரோ ஒருத்தன் தனியா ரூம்ல உக்காந்து, ரேடியோவுல வர்றதோட சேர்ந்து வாசிக்கறான். ரேடியோ கிடாருக்கு இவன் இருக்கறதே தெரியாது. மனநிலை சரியில்லாம 1968-லயே குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டோட நினைப்பு அந்த ஆல்பம் முழுக்க இருக்கு. பக்கத்துல இல்லாதவனோட சேர்ந்து வாசிக்கறதுதானே பாட்டோட விஷயமே? ஒரு வார்த்தை பாடலை, அதுக்குள்ள சொல்லியாச்சு!

இப்ப ஏன் இந்தப் புலம்பல்? அமெரிக்க டாப் 10 பாட்டுகளை 1986-லேர்ந்து 2015 வரைக்கும் ஒரு ஆராய்ச்சியில அலசினாங்க. சராசரியா 20 செகண்டுக்கு மேல இருந்த இன்ட்ரோ 5 செகண்டா சுருங்கிடுச்சாம். ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாத்தான் ஒரு பாட்டு கணக்குல வரும். அதுக்குள்ள நாம ஓடிடக் கூடாதுன்னு அவங்களுக்கு அவசரம்.

அவங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. போன வாரம் ஆபீஸ் பஸ்ல இதே பாட்டு வந்துச்சு. பாட ஆரம்பிக்க ஒண்ணரை நிமிஷம் போல ஆகும். என் கட்டைவிரல் தானா ஓட்டி விட்டுடுச்சு. கையில ஒண்ணு போட அவன் பக்கத்துல இல்லை. அவன் இப்ப வேற நாடு, வேற டைம்ஜோன். பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு.

பாட்டை முதல்லேர்ந்து வச்சேன். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் பண்ணேன். எடுத்தவுடனே, "என்னடா, ஃபைல் கரப்டா?"ன்னான் :)